சத்தியம் வேண்டாம், அவள் வந்து சொல்லட்டும்

கேள்வி: நாங்கள் நாமக்கல் மாவட்டம். என் மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தும் நீட்டில் நினைத்தது வரவில்லை. மறுபடி எழுதுகிறேன் என்று வீட்டிலிருந்தே கோச்சிங் போய் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் மார்க் வந்தால் அன்று ராத்திரி சாப்பிடமாட்டாள். கொஞ்ச நாளாக வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கைச்சட்டை மேலே ஏறியது. மேல்கையில் கோடு கோடாகக் கீறல். சில ஆறியது, சில புதுசு. பதறிப்போய் அறைந்துவிட்டேன். பிறகு சாமி படத்துக்கு முன்னால் நிற்கவைத்து என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினாள். பத்தே நாளில் மறுபடியும் கீறியிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. என் அக்காவிடம் மட்டும் சொன்னேன், கூட்டிப்போய் மந்திரித்துக்கொண்டு வா என்கிறாள். டாக்டரிடம் போனால் தூக்க மாத்திரை கொடுத்துப் பழக்கிவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது விஷயம் வெளியே வரும் என்றும் பயமாக இருக்கிறது. செத்துப்போய்விடுவாளோ என்று ராத்திரியெல்லாம் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பயத்திலிருந்தே தொடங்குவோம். அதற்குப் பதில் தெரிந்தவள் உங்கள் மகள் ஒருத்திதான். மூச்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அவளிடமே கேட்க வேண்டும். இன்றிரவே, அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்: "கண்ணு, ரொம்ப முடியாம இருக்கறப்ப செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் தயங்குகிறார்கள். இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தனியாகச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குப் பாரம் சற்று இறங்கவே செய்கிறது. "நீ தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று சுற்றி வளைத்துக் கேட்காதீர்கள். அதற்கு "இல்லம்மா" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

"தோணுது" என்று சொன்னால் அழாமல் இன்னும் மூன்று கேள்விகள். கடைசியாக எப்போது தோன்றியது? எப்படி என்றும் யோசித்தாயா? அதற்காக ஏதாவது எடுத்துவைத்திருக்கிறாயா? பின்னிரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்று அவளைத் தனியாக விடாதீர்கள். விடியட்டும், திங்கட்கிழமை ஆகட்டும் என்று தள்ளவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்கும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வண்டி வரும்வரை கையோடு பேச ஆள் வேண்டுமென்றால் 14416. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று டாக்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை.

"சாகணும்னு எல்லாம் இல்லம்மா, அந்த நேரத்துக்கு வேற வழி தெரியல" என்று அவள் சொல்லவும் வாய்ப்புண்டு. இப்படிக் கீறிக்கொள்ளும் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் பதில் இது. அதை நம்புங்கள். ஆனால் அந்தப் பதிலை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாகும் நோக்கமின்றித் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கும், பின்னால் அந்த எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் வாரம் ஒருமுறையாவது அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேளுங்கள்.

உங்கள் மகள் ஏதோ அதிசயமான கெட்ட பழக்கத்தில் விழுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் ஒருமுறையாவது இப்படிச் செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவர். நன்றாகப் படிக்கிற, எதிர்த்துப் பேசாத, எதையும் வெளியே காட்டாத பிள்ளைகளும் இதில் நிறையப் பேர்.

ஏன் செய்கிறாள் என்பது புரிந்தால்தான் நீங்கள் செய்ததில் எது உதவவில்லை என்பது புரியும். ஞாயிற்றுக்கிழமை மார்க் வருகிறது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நெஞ்சுக்குள் ஒரு கொதிப்பு ஏறுகிறது. வெட்கம், தன் மேலேயே கோபம், அப்பாவின் பணம் வீணாகிறதே என்ற குற்ற உணர்வு, எல்லாம் ஒன்றாகக் கலந்த கொதிப்பு. அதைப் பெயர் சொல்லிப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. கீறியதும் உடம்பின் வலி மனதை ஒரு கணம் தன் பக்கம் இழுக்கிறது, கொதிப்பு சட்டென்று இறங்குகிறது. இறங்கியதை மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கொதிப்பு ஏறும்போது அதே வழியைத்தான் காட்டும். அரை மணி கழித்து வெட்கம் வருகிறது, முழுக்கைச் சட்டை வருகிறது, ஒளிப்பு வருகிறது. அந்த வெட்கமே அடுத்த கொதிப்புக்கு விறகு. உங்கள் கவனத்தைத் திருப்ப நாடகம் ஆடுகிறாள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கவனம் வேண்டியவள் வெயிலில் முழுக்கை போட்டு மறைக்கமாட்டாள்.

இப்போது சத்தியத்துக்கு வருகிறேன். நீங்கள் பதறிச் செய்த காரியம் அது, அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது அவளுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். கொதிப்பு வந்தால் இறக்கிவைக்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு வழி. நல்ல வழியில்லைதான், இருந்தாலும் அது ஒன்றுதான் இருந்தது. வேறொன்றைக் கற்றுக்கொடுக்காமல் அதைப் பூட்டியாயிற்று. பத்தாவது நாள் கொதிப்பு வருகிறது, தாங்க முடியாமல் கீறிவிடுகிறாள். இப்போது மார்க் போன துக்கத்தோடு, "அம்மா தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன், அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நான்தான் காரணம்" என்பதும் சேர்ந்துகொள்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? உங்களிடம் மட்டும் சொல்லவே முடியாது. ஆபத்தான நேரத்தில் ஓடிவர வேண்டிய முதல் கதவு எதுவோ, சத்தியம் அதைத்தான் சாத்தியிருக்கிறது.

ஆகவே அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. வாயால் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அவள் மனதிலிருந்து அது போகாது. நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேச வேண்டாம். துணி மடிக்கும்போதோ, கீரை ஆயும்போதோ, இரண்டு பேர் கையும் வேலையில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது அந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். "அன்னிக்கு உன்னை அடிச்சது என் தப்பு கண்ணு. பயத்துல அடிச்சுட்டேன். அந்தச் சத்தியத்தை நான் எடுத்துக்கறேன், அது இனிமே இல்லை. எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ கீறினாலும் பரவால்ல, கீறணும்னு தோணினாலும் பரவால்ல, வந்து சொல்லு. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எழுப்பு. திட்டமாட்டேன்." இவ்வளவு போதும். சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அன்று அவள் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போகலாம். பெரும்பாலும் பதில் இரண்டு மூன்று நாள் கழித்து, சம்பந்தமில்லாத ஒரு நேரத்தில், அரைகுறையாக வரும்.

அவள் பேச ஆரம்பித்தால் "ஏன்?" என்ற சொல்லைத் தவிருங்கள். ஏன் என்று கேட்டால் அவள் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும், பதிலும் அவளுக்கே தெரியாது. "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் சொல்லத் தெரியும். தீர்வும் உடனே சொல்ல வேண்டாம். "உனக்கு என்ன குறை வெச்சோம்", "நாங்கள் படாத கஷ்டமா", "உன் வயசுல நான் ரெண்டு மைல் நடந்து போனேன்" இவையெல்லாம் நிஜமாகவே இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் சொன்னால் அவள் வாயைப் பூட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கேட்டுவிட்டு, "இவ்வளவு நாள் தனியா வெச்சுட்டு இருந்திருக்கியே" என்று முடித்துக்கொள்ளுங்கள்.

புதுக் காயத்தோடு வந்து நின்றால் முதல் வேலை காயம், பேச்சு அப்புறம். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாது. மஞ்சள்தூள், காபித்தூள் வைக்க வேண்டாம், சீழ் பிடிக்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லை, காயத்தின் ஓரங்கள் வாய் பிளந்து நிற்கின்றன, விரல் மரத்துப்போகிறது, அடுத்த நாள்களில் சுற்றிலும் சிவந்து சூடாகிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேசிய அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டிடி ஊசி போட வேண்டும். 16 வயது ஊசியைப் போட்டாளா என்று பாருங்கள், விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடலாம். கட்டுப் போடும்போது உங்கள் முகம் அடுப்படியில் கை சுட்டுக்கொண்டவளுக்கு மருந்து போடும் முகமாக இருக்கட்டும். அழுகை வந்தால் பிறகு கொல்லைப்புறம் போய் அழுதுகொள்ளுங்கள், அழுவதில் தப்பில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் உங்களைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் ஏறும்.

வீட்டில் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை இந்த வாரமே முடித்துவிடுங்கள். தாத்தா பாட்டியின் மாத்திரைகள், தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து இவற்றையெல்லாம் பூட்டில் வைத்துச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டே அப்புறப்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது. இன்று அவளுக்குச் சாகும் எண்ணம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். உயிரைப் பறிக்கும் அந்த வேகம் பலருக்கும் மிகக் குறுகிய நேரமே இருக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லை என்றால் வேகம் கடந்துபோய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வார். இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் தற்கொலை விகிதம் 1995-இல் இருந்த உச்சத்திலிருந்து சுமார் 70 சதவீதம் இறங்கியது. நம் பக்கத்திலும் காட்டுமன்னார்கோவில் வட்டாரக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைக்கும் முயற்சியைச் சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்து, பலன் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் கீறுவதற்கு அவள் எதை வைத்திருக்கிறாள் என்று அறையைக் குடையாதீர்கள். அலமாரி, பை, தலையணைக்கடியில் என்று தேடினால் அவள் இன்னும் நல்ல ஒளிவிடம் தேடுவாள். "அதை என்கிட்ட கொடுத்துவைக்கறியா? வேணும்னு தோணினா வந்து என்கிட்ட கேளு" என்று கேட்டுப் பாருங்கள். கேட்க எழுந்து வரும் அந்த இரண்டு நிமிடமே நமக்கு லாபம். குளிக்கும்போது கையைச் சோதிப்பதையும் விட்டுவிடுங்கள்.

கீற வேண்டும் என்ற வேகம் வரும்போது என்ன செய்வது என்பதுதான் அவள் கற்க வேண்டிய பாடம். அந்த வேகம் அலை மாதிரி. ஏறும், உச்சிக்கு வரும், தானாகவே இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடும். ஏறும்போது, இது நிற்கவே நிற்காது என்று தோன்றுவதுதான் அதன் ஏமாற்று. அந்த நேரத்தைக் கடத்த உடம்பின் வழியாகப் போவது மனதோடு வாதாடுவதைவிடச் சுலபம். ஒரு அகலப் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெற்றியும் கன்னமும் நனைய முகத்தை 15 முதல் 30 விநாடி அமிழ்த்தி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை. முகத்தில் குளிர் பட்டு மூச்சு நின்றதும் உடம்பு தானாகவே இதயத் துடிப்பைக் குறைக்கும், கொதிப்பும் ஒரு படி இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர்களும் சாப்பாட்டை மிகவும் குறைத்து உடம்பு இளைத்துப்போனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. பாத்திரம் வைக்க வசதியில்லாத இடத்தில் ஈரத் துண்டு போதும். அடுத்து மாடிப்படியை மூச்சு வாங்கும்வரை ஏறி இறங்குவது. அதற்குப் பிறகு, நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதில்தான் விஷயம். இவற்றையெல்லாம் மனம் அமைதியாக இருக்கும் ஒரு பகலில் பழகிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்க முடியாது. கையில் ரப்பர் பேண்ட் மாட்டி இழுத்துவிடச் சொல்வார்கள் சிலர். வலியைத் தேடும் பழக்கத்தை வேறு உருவில் வைத்துக்கொள்வதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இதை ஒரு அட்டையில் எழுதிவைப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. பாதுகாப்புத் திட்டம் என்பார்கள். விசிட்டிங் கார்டு அளவில் மடித்து போன் கவருக்குள் வைக்கிற மாதிரி இருந்தால் நல்லது. அவள் கையெழுத்தில், அவள் வார்த்தையில் இருக்க வேண்டும். நீங்கள் அழகாக எழுதிக் கொடுத்தால் அது சுவரில் தொங்கும், பயன்படாது. முதல் வரி, வேகம் வரப்போவதன் அடையாளம்: "பல்லைக் கடிக்கிறேன், மார்க் லிஸ்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், கதவைச் சாத்தணும் போல இருக்கு." அடுத்தது தானாகச் செய்வது: "தண்ணி, மாடிப்படி, மூச்சு." அடுத்தது எங்கே போய் உட்கார்வது: "ஹால்ல பாட்டி பக்கத்துல. பேச வேண்டாம், சும்மா." அதற்குக் கீழே யாரிடம் சொல்வது என்று இரண்டு பெயர், எண்ணோடு. ஒருவர் நீங்களாக இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அவள் வேறு யாரையாவது எழுதினால் வருந்த வேண்டாம். அடுத்த வரியில் டாக்டர் அல்லது ஆலோசகர் எண், 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, சென்னையில் இருக்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050. கடைசி வரி, அறையில் இருக்கக் கூடாதவற்றை அம்மாவிடம் கொடுத்தாயிற்று என்பது. "டிவி பார்ப்பது", "பாசிட்டிவா யோசிப்பது" என்று பொதுவாக எழுதினால் அந்த அட்டை வேகத்தின் முன்னால் நிற்காது. எந்த டிவி சேனல், எந்தப் படிக்கட்டு என்று எழுத வேண்டும்.

மருத்துவரைப் பார்க்காமல் இது முடியாது. மந்திரிக்கப் போவது உங்களுக்கும் அவளுக்கும் ஆறுதல் தருமென்றால் போய் வாருங்கள், ஆனால் அதற்காக மருத்துவமனை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. அவளை அடிக்கவோ பட்டினி போடவோ சொல்லும் இடமாக இருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர் அவர், மருந்து எழுதக் கூடியவர். பேச்சுவழிச் சிகிச்சைக்கு மருத்துவ உளவியலாளர். எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆலோசகர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதால் அந்தக் கேள்வி முக்கியம். செலவு கட்டாது என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்ப்பார், எந்தக் கிழமை எங்கே என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

அவளுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. சட்டப்படி பொதுவாக அவள் சம்மதித்தே சிகிச்சை. "உனக்குப் பைத்தியமா, ஏன் அழுகிறாய், கிளம்பு" என்று இழுத்துக்கொண்டு போனால் முதல் நாளோடு முடிந்துபோகும். "தூக்கம் சரியில்லை, சாப்பாடு இல்லை, இவ்வளவு கஷ்டத்தைத் தனியா சுமக்கறே. ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்போம், பிடிக்கலைன்னா வேற ஆளைப் பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் அவளோடு தனியாகப் பேசுவார், உங்களை வெளியே உட்காரச் சொல்வார். அதில் உங்களுக்கு அவமானம் ஒன்றுமில்லை. அவள் சொன்னதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்கவும் மாட்டார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் கட்டாயம் சொல்வார். "உள்ளே என்ன சொன்னே?" என்று திரும்பும் பஸ்ஸில் கேட்காதீர்கள். டாக்டரிடம் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டிய சில உண்டு. குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வு, தற்கொலை உண்டா, தூக்கம் எத்தனை மணி, எடை குறைந்திருக்கிறதா. மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் அதிகமாகிறதா என்று அவளையே காலண்டரில் குறித்துவரச் சொல்லுங்கள், பலருக்கு அந்த ஒரு வாரம்தான் மோசமாக இருக்கும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சோர்வை உண்டாக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதினால் செய்துவிடுங்கள்.

மருந்து பற்றிய பயத்துக்கு வருகிறேன். கீறுவதை நிறுத்த என்று தனி மாத்திரை கிடையாது. அடியில் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தால் அதற்குத்தான் மருந்து. இந்த வயதினருக்கு ஃப்ளூஆக்ஸெடின் போன்ற ஒன்றை முதலில் எழுதுவது வழக்கம். அது தூக்க மாத்திரை வகை அல்ல, அடிமைப்படுத்தாது. முழுப்பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால் பத்து நாளில் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று முக்கியம். 25 வயதுக்குக் கீழ் உள்ள சிலருக்கு ஆரம்ப வாரங்களில் படபடப்பும் நிலைகொள்ளாமையும் சாகும் எண்ணமும் கூடலாம். திடீரென்று தூங்காமல் நடந்துகொண்டே இருக்கிறாள், எரிந்து விழுகிறாள் என்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தொடர்வார்கள், நிறுத்தும்போது படிப்படியாகத்தான். மாத்திரை அட்டை உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், நாளுக்கு நாள் எடுத்துக் கொடுங்கள்.

கீறும் பழக்கத்தை நேராகக் குறிவைக்கும் பேச்சுச் சிகிச்சைகளும் உண்டு. டி.பி.டி. எனப்படும், அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பெயரில் கிடைக்காவிட்டாலும் அதன் பயிற்சிகளைப் பல உளவியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், சில மாதங்கள் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு பற்றிய கவலைக்கு இதைச் சொல்கிறேன்: மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது அதே 2017 சட்டத்தில் அவளுக்குள்ள உரிமை. விஷயம் வெளியே போனால் அது உறவினர் வாய் வழியாகத்தான் போகும். அக்காவிடம் சொன்னதை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் வேண்டாம். "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீயே சொல்றியா? அவர் திட்டாம நான் பார்த்துக்கறேன்" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவரிடமும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் அவர் இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம், சாயங்காலம் வரும்போது அவளுக்குப் பிடித்த ஏதாவது வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தால் போதும்.

நீட்டை விடுவதா தொடர்வதா என்று இந்த மாதம் முடிவெடுக்க வேண்டாம். கொதிப்பில் எடுக்கும் முடிவு எதுவானாலும் அவளுக்குத் தோல்வியாகவே தெரியும். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், நர்சிங், பார்மசி எல்லாம் ப்ளஸ் டூ மதிப்பெண்ணிலேயே கிடைக்கின்றன. கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் நாமக்கல்லிலேயே இருக்கிறது. இப்போதைக்கு மாற்ற வேண்டியவை சின்னவை. ஞாயிறு மார்க்கைத் திங்கட்கிழமை சாயங்காலம்வரை யாரும் கேட்பதில்லை. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் மார்க் பட்டியல் வருகிறதென்றால் நீங்கள் குழுவை ஓசையில்லாமல் வைத்துவிடுங்கள், பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு என்ற பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாது. இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்து மணி நேரம் தூங்கும் பிள்ளைக்கு எந்தக் கொதிப்பையும் அடக்கும் தெம்பு இருக்காது, படித்ததும் நிற்காது. இரவு பத்தரைக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், உங்கள் போனும் சேர்த்து. தண்டனையாகப் பிடுங்கினால் தோழிகளோடு இருக்கும் ஒரே தொடர்பும் போய்விடும். ஞாயிறு இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே, மார்க் வருமுன் கொடுத்துப் பாருங்கள். பசி வயிற்றில் கொதிப்பு இன்னும் ஏறும்.

இத்தனை செய்தும் மறுபடி கீறுவாள். முதல் சில வாரங்களில் அநேகமாக நடக்கும். சிகிச்சை தோற்றது என்று நினைக்காதீர்கள். எத்தனை நாள் இடைவெளி என்பதைப் பாருங்கள். பத்து நாள் பதினெட்டு ஆனால் முன்னேற்றம். தானே வந்து சொன்னால் அதைவிடப் பெரிய முன்னேற்றம். காயத்தைவிட வேகமே குறைகிறதா என்று டாக்டர் கேட்பார், அவளுக்குத்தான் தெரியும். ஆனால் காயம் ஆழமாகிறது, அடிக்கடி ஆகிறது, பிரியமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறாள், திடீரென்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள், அல்லது பல நாள் துவண்டு கிடந்தவள் காரணமில்லாமல் ஒரேயடியாக அமைதியாகிவிட்டாள் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதீர்கள்.

இரவில் மூச்சைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பதை விடுங்கள். இன்றைய கேள்விக்கு அவள் சொல்லும் பதில் கவலை தராததாக இருந்தால், அறைக் கதவைத் தாழிடாமல் படுக்கட்டும் என்று மட்டும் பேசிக்கொள்ளுங்கள். டெலி மானஸுக்கு உங்களுக்காகவும் கூப்பிடலாம், பெற்றோரும் பேசுகிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள். கையைப் பார்க்காமல்.